வேட்டை விடுதியும் 5000 அடிக் கோடும்

இலங்கையின் ஒஹிய ரயில் நிலையத்திலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதை ஒரு பழைய பங்களாவில் கொண்டுபோய் விடுகிறது. பெயர் ஃபார் இன். தாமஸ் ஃபார் என்ற தோட்டத்துரையின் பெயர் அது. ஆங்கிலேயர் வேட்டைக்கு வந்து தங்கிய இந்த விடுதிதான் இன்று ஹோர்டன் சமவெளித் தேசியப் பூங்காவின் தகவல் நிலையம்.

சிங்களத்தில் இந்த இடம் மஹா எலிய, அதாவது பெரிய வெளி. கடல் மட்டத்துக்கு மேல் 2100 மீட்டருக்குக் குறையாத புல்வெளியும் காடும். 1834இல் இங்கே வந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள் அன்றைய ஆளுநர் ராபர்ட் வில்மட் ஹோர்டனின் பெயரைச் சூட்டிவிட்டார்கள்.

பின்னாலேயே வேட்டைக்காரர்களும் வந்தார்கள். நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய்ப் புகழ் பெறுவதற்கு முன் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் குடியிருந்தார். நாய்களை ஏவி மரையை (தமிழ்நாட்டில் கடமான்) விரட்டி, கத்தியால் குத்தி வீழ்த்துவது அவருடைய விளையாட்டு. பூங்காவின் அழகான அருவிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அன்று இங்கே திரிந்த யானைகளில் இன்று ஒன்றுகூட இல்லை.

ஆனால் காடு தப்பியது. அதற்கு வேலியோ காவலோ காரணமில்லை, ஓர் ஆலோசனைதான் காரணம். கோப்பித் தோட்டங்களுக்காக மலைமலையாக மொட்டையடித்துக்கொண்டிருந்த காலம் அது. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர், 5000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடாதீர்கள் என்று 1873இல் அறிவுறுத்தினார். அரசும் ஏற்று, அந்த உயரத்துக்கு மேல் காடு வெட்டத் தடை போட்டது. மகாவலி, களனி, வளவை ஆறுகளுக்கு நீர் தரும் ஓடைகள் பல இந்த மேட்டில்தான் பிறக்கின்றன என்பதை நினைத்தால் அதன் அருமை விளங்கும். உத்தரவு எல்லா இடத்திலும் செல்லுபடியாகவில்லை என்பதும் உண்மை. நுவரெலியாவைச் சுற்றி 6000 அடியிலும் தேயிலை தழைக்கிறது!

சுதந்திரத்துக்குப் பிறகும் ஆபத்து நீங்கிவிடவில்லை. 1960களில் புல்வெளியை உழுது உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். 1969இல் சரணாலயமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் அறிவித்த பிறகே நிலைமை மாறியது. 2010இல் இலங்கையின் மத்திய மலைநாடு யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியபோது இந்த 3160 ஹெக்டேரும் அதில் சேர்ந்தது.

இப்போது வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு வேறு தலைவலிகள். துரைமார் காலத்தில் வந்த, மஞ்சள் பூப் பூக்கும் யூலெக்ஸ் என்ற முட்செடி புல்வெளியில் பரவுகிறது. காட்டின் சில பகுதிகளில் மரங்கள் நின்றபடியே பட்டுப்போகின்றன. ஏறத்தாழ 870 மீட்டர் செங்குத்தாக இறங்கும் ‘உலக முடிவு’ விளிம்பைப் பார்க்க வரும் கூட்டம் கொண்டுவரும் பிளாஸ்டிக் உறைகளையும், தண்ணீர்ப் போத்தலில் ஒட்டிய தாளையும் நுழைவாயிலிலேயே உரித்து வாங்கிக்கொள்கிறார்கள்.

மரைகளுக்கு மனிதரைக் கண்டால் பயமே விட்டுப்போயிற்று. வண்டிகள் நிற்கும் இடத்துக்கே வந்து, யாராவது தின்னத் தருவார்களா என்று பார்த்து நிற்கின்றன.