மடிக்கணினியும் சம்பந்திகளும்

கணினிக்கு இயங்குதளம் மாற்றுவது கலியாணம் செய்துவைப்பது போன்றது என்பார் எங்கள் நண்பர் ஒருவர். பெண்ணும் மாப்பிள்ளையும் இசைந்தால் போதாது. சம்பந்திகளும் இசைய வேண்டும். மடிக்கணினி எளிதில் இசைந்துவிடும். அதனோடு கம்பியால் உறவுகொண்ட விசைப்பலகை, வருடி, அச்சுப்பொறி முதலியோர்தாம் பந்தியில் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள். விண்டோஸை விடுத்து லினக்ஸுக்கு மாறியபோது அவ்வாக்கின் உண்மையை நாங்கள் கண்டுகொண்டோம்.

நாங்கள் நால்வர், மாதம் ஒருமுறை கூடிக் கதை படிப்பவர்கள். எங்களுக்குப் பொதுவாக ஒரு மடிக்கணினி உண்டு. 2014-இல் வாங்கியது, 4 ஜிபி நினைவகம். அதன் குறுந்தட்டு இயக்கி பழுது. விசைகளில் ஏழெட்டு அழுந்துவதில்லை. எனவே வெளியிலிருந்து இணைக்கும் கருவிகளே அதற்கு ஊன்றுகோல்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. அடுத்த பதிப்போ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் புதிய தலைமுறைச் செயலியையும் கேட்கிறது. எங்கள் கணினியில் இரண்டும் இல்லை. புதிதாக வாங்கிவிடுங்கள் என்றார் கடைக்காரர். வாங்கினாலும் தீராத ஒரு கடமை எங்களுக்கு இருந்தது.

எங்களுள் மூத்தவர் 2019-இல் மறைந்தார். 2001-க்கும் 2006-க்கும் இடையே அவர் எழுதிய 31 கதைகளை ஒரு குறுந்தட்டில் போட்டுவைத்திருந்தார். அதற்கு முந்தைய 9 கதைகள் சிற்றிதழ் நறுக்குகளாக மட்டுமே எஞ்சியிருந்தன. அவருடைய துணைவியாரை நாங்கள் அக்கா என்போம். "கண்ணு நல்லா இருக்கறப்பவே எல்லாத்தையும் காகிதத்துல ஒருதரம் படிச்சுடணும் தம்பி" என்றார் அவர். குறுந்தட்டு இயக்கி, வருடி, அச்சுப்பொறி மூன்றும் ஒத்துழைத்தாலன்றி இது நடவாது.

லினக்ஸில் ஒரு நல்வழக்கம் உண்டு. நிறுவும் முன்பே பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம்; வன்தட்டில் ஓர் எழுத்தும் மாறாது. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை அவ்வாறு இயக்கி, கருவிகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தோம். பெண் பார்க்கும் படலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விசைப்பலகையும் புற இயக்கியும் செருகிய கணமே இயங்கின. இதில் மாயமில்லை. யுஎஸ்பி நெறியில் விசைப்பலகைகளுக்கும் சேமிப்புக் கருவிகளுக்கும் பொது வகுப்புகள் வரையறுக்கப்பட்டுள்ளன. எவர் செய்த கருவியாயினும் அந்தப் பொதுமொழியைப் பேசினால் போதும். அதற்குரிய நிரல் லினக்ஸின் கருவிலேயே இருக்கிறது. தமிழ் உள்ளிடவும் தடையில்லை. எங்களில் இருவர் தமிழ்99 பழகியவர்கள். ஒருவர் தட்டச்சுப் பயிலகத்தில் தேறியவர், பழைய தட்டச்சுமுறை தவிர வேறெதையும் தொடமாட்டார். ஐபஸ் வழியாக எம்17என் தொகுப்பைச் சேர்த்ததும் இரு முறைகளும் கிடைத்தன. ஒரே விசைப்பலகையில் இரு தலைமுறைகள் சண்டையின்றித் தட்டச்சிடலாயின.

வருடியின் கதை வேறு. வருடிகள் பெரும்பாலும் தத்தம் தனிமொழியைப் பேசுபவை. எங்களுடையது பரணில் பல்லாண்டு உறங்கியது. புதிய விண்டோஸ் பதிப்புகளுக்கு அதன் இயக்கு நிரலைச் செய்தவர்கள் எழுதித் தரவில்லை. கண்ணாடி உடையவில்லை, விளக்கு அணையவில்லை, ஆனாலும் அது பிணமாகிவிட்டது. சேன் என்னும் கட்டற்ற திட்டத்தைச் சார்ந்தவர்கள் அதன் மொழியைக் கற்று எழுதிவைத்திருந்தார்கள். கம்பியைச் செருகினோம், விளக்கு மெல்ல நகர்ந்தது. யாரோ முகமறியாதவர்களின் உழைப்பால் அந்த 9 கதைகளும் படங்களாகத் திரைக்கு வந்தன. டெசராக்ட் என்னும் எழுத்துணரி அவற்றைத் தமிழாகப் படித்தும் தந்தது. ரகரத்துக்கும் காலுக்கும் அடிக்கடி குழம்பியது. மனிதரே குழம்பும் இடம், மன்னிக்கலாம்.

குறுந்தட்டைத் திறந்தபோதுதான் எங்களுக்குத் திகில். கோப்புகள் முழுவதும் புள்ளியும் கோடும் தாங்கிய ஐரோப்பிய எழுத்துகள். யூனிகோடு பரவும் முன் தமிழ் இணையத்தில் புழங்கியவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. அவை திஸ்கியில் எழுதப்பட்டவை. திஸ்கியில் கொம்பு, கண்ணால் காணும் வரிசைப்படி, மெய்க்கு முன்னே நிற்கும். யூனிகோட்டில் உயிர்மெய்யின் ஒலிவரிசைப்படி பின்னே வரும். ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, இடமும் மாற்ற வேண்டும். இதற்கான நிரலைத் தேடி அலைய நேருமோ என்று அஞ்சினோம். லினக்ஸின் அடிப்படை நூலகத்தோடு வரும் ஐகான்வ் என்னும் சிறு கருவிக்குத் திஸ்கி தெரிந்திருந்தது. ஒற்றை வரிக் கட்டளை. 31 கதைகளும் தமிழாயின. முதல் கதையின் முதல் வாக்கியம் திரையில் தோன்றியபோது சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

அச்சுப்பொறிதான் கடைசிவரை இணங்காத சம்பந்தி. பக்கத்தை அமைக்கும் வேலையைக் கணினியின் தலையில் சுமத்திவிட்டு, தான் பேசும் மொழியை மறைத்துவைக்கும் மலிவு வகை அது. பெயர் சொல்வானேன்! இரண்டு மாலைகள் முயன்றபின் அதன் மின்கம்பியைப் பிடுங்கினோம். எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மனும் இப்படியோர் அச்சுப்பொறியால்தான் வெகுண்டார் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. 1980-ஐ ஒட்டி அங்கு வந்த ஜெராக்ஸ் லேசர் கருவியில் காகிதம் அடிக்கடி சிக்கிக்கொண்டது. சிக்கும்போது பயனர்களுக்குச் செய்தி போகுமாறு நிரலைத் திருத்த விரும்பினார், மூலநிரல் மறுக்கப்பட்டது. 1983 செப்டம்பரில் அவர் அறிவித்த குனூ திட்டத்துக்குப் பின்னால் இந்த மறுப்பும் நின்றது. கட்டற்ற மென்பொருள் இயக்கமே ஒரு சம்பந்திச் சண்டையில் முளைத்தது எனலாம்.

ஒரு கருவி எவ்வளவு காலம் வாழும் என்பதை அதன் உலோகமும் கண்ணாடியும் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதன் மொழி எழுதிவைக்கப்பட்டிருக்கிறதா என்பதும் தீர்மானிக்கிறது. பரணிலிருந்த வருடி உயிர்த்தது. அதைவிட இளைய அச்சுப்பொறி மடிந்தது. திஸ்கி வழக்கொழிந்தும் அதன் அட்டவணை வெளிப்படையாக இருந்ததால் எங்கள் நண்பரின் கதைகள் பிழைத்தன. இனி எந்தக் கருவியை வாங்குமுன்பும் லினக்ஸ் பென் டிரைவைக் கடைக்கு எடுத்துச்சென்று செருகிப் பார்ப்பது என்று முடிவெடுத்திருக்கிறோம். கடைக்காரர் முகம் சுளிக்கக்கூடும், பொறுத்துக்கொள்வோம்.

கதைகளை லிப்ரே ஆபீஸில் பெரிய எழுத்தில் அடுக்கி, பிடிஎஃப் ஆக்கி, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டுச் சுருள்கம்பி கட்டி அக்காவிடம் கொடுத்தோம். பத்து நாளில் படித்து முடித்துவிட்டார். நறுக்குகளிலிருந்து எடுத்த கதைகளுள் ஒன்றில் விரலை வைத்து, "இங்க ஒரு வரி விட்டுப்போச்சே" என்றார். மூல நறுக்கை எடுத்துப் பார்த்தோம். மடிப்பில் காகிதம் தேய்ந்து ஒரு வரி அழிந்திருந்தது. எழுதிய நாளில் அவர் வாசித்துக் காட்டியதாம். அக்கா அந்த வரியைத் தயங்காமல் சொன்னார். பகர அடைப்புக்குள் அதைச் சேர்த்திருக்கிறோம். இரண்டாம் படி அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது.