தம்பியின் தாடை

1983 யூலை 25, திங்கட்கிழமை. முதல்நாள் இரவு கொழும்பில் பொரளை கனத்தை மயானத்தில் மூண்ட, தமிழருக்கெதிரான கலவரம் விடிந்த பிறகு மட்டக்குளிக்கும் வந்துவிட்டது. களனி கங்கை கடலில் விழுகிற பக்கமாய் ஓர் ஒழுங்கையில் எங்கள் வாடகை வீடு. தமிழர் வீடுகளை அடையாளம் காண வாக்காளர் இடாப்போடு வந்தவர்கள் முன்கதவை உடைக்க, நாங்கள் பின்மதிலால் குதித்தோம். எட்டு வயதுத் தம்பி குப்புற விழுந்தான். நாடி சீமெந்துத் தரையில் அடிபட்டது.

அயல்வீட்டுச் சிங்கள அம்மா எங்களை அறைக்குள் விட்டுப் பூட்டி, வாசலில் நின்றுகொண்டார். அவரால்தான் உயிரோடிருக்கிறோம்.

பிறகு ஓரிடத்தில் நாடிக்குத் தையல் போட்டார்கள். காதாலும் இரத்தம் வந்ததென்று அம்மா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. வெட்டுக்காயமும் தீக்காயமுமாய் அங்கே சனம் நிறைந்திருந்தது. தைத்தவரை நான் நோகமாட்டேன். நோகவேண்டியது இடாப்பைக் கொடுத்தவர்களை.

பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமில் அவன் சோறு மெல்ல மறுத்தான். பயத்தில் வாய் கட்டிவிட்டது என்றார்கள். லங்கா கல்யாணி கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய்ச் சேர்ந்தோம். மாதங்கள் போகப் போக வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. முகம் வளர்ந்தது, நாடி வளரவில்லை.

சில வருடங்கள் கழித்துக் கொழும்பில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர்தான் விளக்கினார். நாடியில் விழும் அடியின் விசை காதுக்கு முன்னாலுள்ள மூட்டுவரை ஏறி, அங்கே தாடையின் மெல்லிய கழுத்தை முறிக்கும். காதில் வரும் இரத்தம் அதற்கு ஓர் அறிகுறி. பிள்ளைகளுக்கு மூட்டுக்குள் கசிந்த இரத்தம் எலும்பாகி இறுகிவிடலாம். தாடையின் வளர்ச்சியும் நின்றுபோகும். ஆரம்பத்திலேயே கண்டிருந்தால் மென்மையான சாப்பாடும் வாய் திறக்கும் பயிற்சியும் போதுமாக இருந்திருக்கும்.

இறுகிய எலும்பை வெட்டி எடுத்து, விலாவிலிருந்து குருத்தெலும்போடு ஒரு துண்டு வைத்தார்கள். மயக்க மருந்துக் குழாயை மூக்கு வழியாகத்தான் விட முடிந்தது. அதற்குப் பிறகுதான் பெரிய பாடு. மூட்டு மறுபடி இறுகாதிருக்க, ஐஸ்கிறீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையில் செருகவேண்டும். அவன் அழுவான். "இன்னும் ஒண்டு, என்ர ராசா" என்று அம்மாவும் அழுதபடியே செருகுவா.

பிள்ளை நாடி அடிபட விழுந்தால் தையலோடு மட்டும் வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள். இரு காதுகளுக்கும் முன்னால் தொட்டுப் பாருங்கள், வாயைத் திறக்கச் சொல்லுங்கள். நோவென்றாலோ, திறக்க முடியாவிட்டாலோ, பற்களின் கடி மாறியிருந்தாலோ அன்றைக்கே தாடையைப் படம் பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள்.