மலைநாட்டில் தொடர்வண்டிப் பயணம்

சுவிட்சர்லாந்து கடற்கரை சிறிதும் இல்லாத நாடு. நாற்புறமும் பிற நாடுகள் சூழ்ந்திருக்க, ஆல்ப்சு மலைத்தொடரின் மடியில் அது அமைந்துள்ளது. அங்குச் சமநிலம் குறைவு, பள்ளத்தாக்குகளே மிகுதி. ஒரு பள்ளத்தாக்கில் வாழ்பவர் அடுத்த பள்ளத்தாக்கை அடைய விரும்பினால் மலையைச் சுற்ற வேண்டும். அன்றேல் ஏற வேண்டும். அன்றேல் குடைய வேண்டும். இத்தகைய நாட்டில், புதிதாக வந்திறங்கிய பயணி ஒருவர், மொழியும் வழியும் அறியாதவராயினும், தொலைவிலுள்ள சிற்றூர்களுக்கும் இடர்ப்பாடின்றிச் சென்று சேர்கிறார். அவருக்குத் துணையாவது தொடர்வண்டி.

புகைவண்டி என்னும் பழகிய பெயரை இங்கு வழங்குதல் பொருந்தாது. சுவிட்சர்லாந்து நிலக்கரி வளம் அற்ற நாடு. முதல் உலகப்போர்க் காலத்தில் வெளிநாட்டுக் கரி போதிய அளவு கிடைக்காமல் அது பெரிதும் இடர்ப்பட்டது. ஆனால் மலையிலிருந்து வீழும் நீருக்குக் குறைவில்லை. அந்நீரின் ஆற்றலை மின்சாரமாக்கி வண்டிகளை ஓட்டத் தலைப்பட்டனர். இன்று ஏறக்குறைய எல்லா வண்டிகளும் மின்சாரத்தால் ஓடுகின்றன. ஆதலின் புகைக்கு அங்கு இடமில்லை.

நிலையத்துள் நுழையும் பயணியின் கண்ணில் முதலில் படுவது கடிகாரம். வெண்ணிற முகத்தில் எண்கள் இல்லை. கரிய கோடுகள் மட்டுமே உண்டு. ஹான்ஸ் ஹில்ஃபிகர் என்னும் பொறியாளர் 1944-ஆம் ஆண்டில் இதனை வடிவமைத்தார். பின்னர் இதில் சேர்க்கப்பட்ட சிவப்பு நொடிமுள், வண்டி புறப்பட அடையாளம் காட்டும் கைப்பலகையின் வடிவினது. அது ஒரு சுற்றைச் சற்றேறக்குறைய 58 நொடிகளில் முடித்து, உச்சியில் சிறிது நிற்கும். தலைமைக் கடிகாரத்தின் ஆணை மின்கம்பி வழியே வந்ததும் நிமிடமுள் ஓரடி நகர, நொடிமுள் மீண்டும் ஓடத் தொடங்கும். முந்தி வந்த முள், பிந்தி வரும் ஆணைக்காகக் காத்து நிற்கிறது! பல நிலையங்களிலுள்ள கடிகாரங்கள் ஒரே நேரத்தைக் காட்டுதற்குச் செய்த ஏற்பாடு இது.

அந்நாட்டு வண்டிகளின் கால அட்டவணையும் ஏறக்குறைய இம்முறையைத் தழுவியதே. 1982-ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் மணிக்கு ஒரு வண்டி, ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில் புறப்படும் முறை நடைமுறைக்கு வந்தது. ஓர் ஊரிலிருந்து 7 மணி 5 நிமிடத்திற்கு ஒரு வண்டி புறப்பட்டால், 8 மணி 5 நிமிடத்திற்கும், 9 மணி 5 நிமிடத்திற்கும் அவ்வாறே புறப்படும். அட்டவணையை ஒருமுறை அறிந்தவர் மறுபடி புரட்ட வேண்டுவதில்லை.

இதனினும் நுட்பமானது வண்டிகள் ஒன்றையொன்று சந்திக்கும் முறை. சூரிக், பெர்ன் போன்ற பெருநிலையங்களுக்கு, மணி நிறைவதற்குச் சில நிமிடங்கள் முன்னதாகப் பல திசைகளிலிருந்தும் வண்டிகள் வந்து சேரும். பயணிகள் இறங்கி, வேண்டிய வண்டிக்கு மாறுவர். மணி கழிந்து சில நிமிடங்களில் அவை தத்தம் திசையில் புறப்பட்டுவிடும். சந்தை கூடிக் கலைவது போன்ற காட்சி அது. ஆனால் மணிதோறும் கூடும் சந்தை.

இதில் ஓர் இடையூறு இருந்தது. சூரிக்கிலிருந்து பெர்ன் செல்ல ஒரு மணிக்குச் சற்று மிகுதியான நேரம் ஆயிற்று. அச்சிறு மிகுதியால், வண்டி பெர்னை அடையும்போது அங்கே சந்தை கலைந்துவிடும்! 1987-இல் மக்கள் வாக்களித்து ஒப்புதல் தந்த திட்டத்தின்படி புதுப்பாதை அமைத்தனர். 2004-ஆம் ஆண்டின் இறுதியில் அப்பயணம் 56 நிமிடங்களில் முடிந்தது. உலகிலேயே விரைந்த வண்டி தம்முடையதாக வேண்டும் என்பது அவர்களது நோக்கமன்று. மணி நிறையுமுன் சென்று சேர வேண்டும், அவ்வளவே. அதனினும் விரைந்து சென்றால் வீணே காத்துக் கிடக்க நேரும். விரைவே பெருமை என எண்ணும் நாடுகள் இக்கணக்கைக் கருதிப் பார்ப்பதில்லை.

தொடர்வண்டி செல்லாத மலையூர்களுக்கு மஞ்சள் நிற அஞ்சல் பேருந்துகள் உண்டு. அவை நிலைய வாயிலில் வண்டியின் வரவை எதிர்நோக்கி நிற்கும். ஏரிகளில் படகுகளும் இவ்வாறே இணைக்கப்பட்டுள்ளன.

மொழியின்பால் ஆர்வமுடையார்க்கு இப்பயணம் மற்றொரு விருந்து. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ரோமாஞ்சு என நான்கு மொழிகள் அந்நாட்டின் தேசிய மொழிகள். பெர்னிலிருந்து மேற்கே செல்லும் வண்டி ஃப்ரிபூர் நகரை நெருங்கும்போது மொழியெல்லையைக் கடக்கிறது. அங்கே கோட்டையும் இல்லை, காவலரும் இல்லை. நிலையப் பெயர்களும் அறிவிப்புக் குரலும் மாறுவதைக் கொண்டே எல்லையை உணரலாம். ஜெர்மானியர் பீல் என்றும் பிரெஞ்சுக்காரர் பியென் என்றும் அழைக்கும் நகரின் நிலையப் பலகையில் இரு பெயர்களும் உள்ளன. 1902-இல் தோன்றிய நாட்டு இருப்புப்பாதை நிறுவனத்தின் பெயரும் மும்மொழிச் சுருக்கமாகவே எழுதப்படுகிறது. மூன்றும் ஒரே வரியில், ஒரே அளவான எழுத்தில் அமைந்திருத்தல் கருதத்தக்கது.

செங்குத்தான சரிவுகளில் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பற்றாது வழுக்கும். தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் பொருந்திய சட்டம் ஒன்றைப் பதித்து, வண்டியிலுள்ள பற்சக்கரம் அதனைக் கவ்வி ஏறுமாறு செய்தார் நிக்லாஸ் ரிக்கன்பாக். அவரது ரீகி மலைப்பாதை 1871-இல் திறக்கப்பட்டது. அவரிடம் பணிபுரிந்த ரோமன் ஆப்ட் என்பவர் அம்முறையைத் திருத்தியமைத்தார். ஆப்ட் வகுத்த பற்சட்ட முறையே நம் நீலகிரி மலைப்பாதையிலும் உள்ளது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இல் வண்டி ஓடத் தொடங்கியது. அப்பாதையில் நெடுங்காலம் உழைத்த நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. கல்லாறு தாண்டி மலையேறும்போது கேட்கும் பற்சக்கர ஓசையின் பிறப்பிடம் ஆல்ப்சு மலையே.

வடக்கையும் தெற்கையும் பிரித்து நிற்பது கோத்தார்டு மலை. அதன் ஊடே 15 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கப்பாதை 1872-இல் தொடங்கப்பெற்று 1882-இல் திறக்கப்பட்டது. வடபுறம் கோஷெனன், தென்புறம் ஐரோலோ என இருமுனைகளிலிருந்தும் குடைந்து வந்தவர்கள் 1880-இல் மலையின் நடுவே சந்தித்தனர். பக்கவாட்டில் 33 சென்டிமீட்டரே பிழை!

அக்கணக்கின் அருமையைப் போற்றுவோர் மற்றொரு கணக்கையும் நோக்க வேண்டும். குடைந்தவர்களுள் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர். வெப்பமும் வெடிமருந்துப் புகையும் நிறைந்த இருளில், முழங்காலளவு நீரில் நின்று உழைத்தனர். பாறை வீழ்ந்தும் வெடி தாக்கியும் மாண்டவர் ஏறத்தாழ 200 பேர். கொக்கிப்புழு நோயால் குருதி வற்றி நலிந்தவர் மிகப் பலர். 1875-இல் நிலைமை பொறாது வேலைநிறுத்தம் செய்தபோது, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். ஒப்பந்தக்காரராகிய லூயி ஃபாவ்ரும் 1879-இல் அச்சுரங்கத்தினுள்ளேயே உயிர் நீத்தார். மறு ஆண்டு துளை திறந்தபோது, முதலில் அதன் வழியே நீட்டப்பெற்றது அவரது உருவப்படமாம்.

இன்று அம்மலையின் அடிவாரத்தில் 57 கிலோமீட்டர் நீளமான புதுச்சுரங்கம் உள்ளது. 2016-இல் திறக்கப்பட்ட அதனைப் பயணிகள் சுமார் 20 நிமிடங்களில் கடக்கின்றனர். இருளையன்றி வேறொன்றும் காண்பதற்கில்லை. அதனை அமைக்கையிலும் ஒன்பதின்மர் மாண்டனர். 2023 ஆகஸ்டில் சரக்கு வண்டி ஒன்று அதனுள் தடம் புரண்டது. பழுது முற்றும் நீங்க ஓராண்டுக்கு மேலாயிற்று. அந்நாளில் பயணிகளைச் சுமந்து உதவியது பழைய மலைப்பாதையே.

காலம் வாய்த்தவர் இன்றும் பழைய பாதையில் செல்லலாம். வாசென் என்னும் சிற்றூரருகே வண்டி மலைக்குள் சுழன்று சுழன்று ஏறும். அவ்வூர்த் தேவாலயம் முதலில் அண்ணாந்து பார்க்குமாறு தோன்றும். சிறிது பொழுதில் கண்ணுக்கு நேரே நிற்கும். மூன்றாம் முறை கீழே சிறு பொம்மையெனக் கிடக்கும். அதன்பின் கோஷெனன், பிறகு 15 கிலோமீட்டர் இருள், வெளிப்பட்டால் ஐரோலோ. அந்நிலையத்தருகே ஒரு வெண்கலச் சிற்பம் உண்டு. வின்சென்சோ வேலா என்னும் சிற்பி செதுக்கிய உருவத்தை வெண்கலத்தில் வார்த்து 1932-இல் அங்கு நிறுவினர். இறந்த தோழனின் உடலைத் தொழிலாளர் சிலர் சுமந்து செல்கின்றனர். எவர் முகத்திலும் பேச்சில்லை. வண்டி அங்கு நெடுநேரம் நிற்பதில்லை. இறங்கிப் பார்ப்பவர் அடுத்த வண்டியில் செல்லலாம்.