வாசல்வரை போய்த் திரும்பிய தாய்

வயது ஏற ஏற நம்மிடம் குவிந்துவிடுவது அறிவுரைதான். யார் முகம் வாடி வந்து உட்கார்ந்தாலும், அவர் இரண்டு வார்த்தை பேசி முடிப்பதற்குள் நம் தீர்வு தயாராகிவிடும். "விட்டுத்தள்ளு", "அனுசரித்துப் போ", "நாங்கள் படாததா?" எழுபதைத் தாண்டிய என்னைப் போன்றவர்களுக்கு ஒரு பாடம், அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் அனுபவத்தில் இருக்கிறது.

1902இல் பிறந்த ரோஜர்ஸ், கல்லூரியில் முதலில் படித்தது வேளாண்மை. பிறகு சமயக் கல்வி, கடைசியில்தான் உளவியல். 1928 முதல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் குழந்தைகளுக்கான மனநலப் பணியில் இருந்தார். அடங்காத பையன் ஒருவனுக்காக அவன் தாயிடம் பேசத் தொடங்கினார். மகனின் சின்ன வயதிலேயே அவனை அவள் மனத்தால் ஒதுக்கிவிட்டாள், அதுதான் காரணம் என்பது அவர் கணிப்பு. அதை அவளுக்குப் புரியவைக்கப் பல சந்திப்புகளில் பக்குவமாக முயன்றும் பலிக்கவில்லை. "இருவருமே முயன்று பார்த்துவிட்டோம், இத்தோடு நிறுத்திக்கொள்வோம்" என்று ஒருநாள் அவரே சொல்லிவிட்டார். அவளும் சம்மதித்து, கைகுலுக்கி விடைபெற்றாள். வாசல்வரை போனவள் திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை உண்டா என்று கேட்டாள். உண்டு என்றதும், எழுந்துபோன அதே நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தாள். தன் மண வாழ்க்கையின் கசப்பு, கணவனோடுள்ள பிணக்கு, தோற்றுப்போன உணர்வு எல்லாவற்றையும் கொட்டினாள். உண்மையான சிகிச்சை அப்போதுதான் தொடங்கியது, நல்லபடியாகவும் முடிந்தது.

எங்கே வலிக்கிறது, எந்தத் திசையில் போக வேண்டும் என்பது வலிக்கிறவருக்கே தெரியும் என்று ரோஜர்ஸ் பிற்காலத்தில் வலியுறுத்தியதற்கு இந்தத் தாயும் ஒரு காரணம். வந்தவரை மையமாக வைக்கும் அவருடைய சிகிச்சை முறை இப்படித்தான் உருப்பெற்றது. மனம் மாறுவதற்கு ஏற்ற சூழல் எது என்பதை 1957இல் ஒரு கட்டுரையில் வரையறுத்தார். அதன் சாரம் மூன்று. கேட்பவர் வேஷம் போடாமல் உண்மையாக இருக்க வேண்டும். 'நீ இப்படி மாறினால்தான்' என்ற நிபந்தனை இல்லாமல் எதிரே இருப்பவரை மதிக்க வேண்டும். அவர் உலகத்தை அவர் கண்ணால் பார்க்க முயல வேண்டும். பார்த்தது அவருக்குத் தெரியவும் வேண்டும்.

மதிப்பது என்றால் செய்ததெல்லாம் சரி என்று ஒப்புக்கொள்வதல்ல. குடித்துவிட்டு வந்த மகனின் குடியை ஏற்க வேண்டியதில்லை, மகனை ஏற்கலாம். தலையாட்டிக்கொண்டே இருப்பதும் கேட்பதாகாது. "நீ சொல்வதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன், சரியா?" என்று கேட்டுச் சரிபார்க்கத் தெரிய வேண்டும். தங்கள் சிகிச்சை அறையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்க, ரோஜர்ஸ் குழுவினர் சம்மதத்தோடு உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். தன் பேச்சைத் தானே திரும்பக் கேட்கிற துணிச்சல் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

இந்த முறைக்குப் பின்னே ஒரு நம்பிக்கை இருக்கிறது. சிறுவயதில் வீட்டு நிலவறையில் குளிர்காலத்துக்குச் சேமித்த உருளைக்கிழங்குகளை ரோஜர்ஸ் பார்த்திருக்கிறார். மண்ணும் நீரும் இல்லாமலே அவை வெளிறிய முளை விட்டு, உயரத்திலிருந்த சின்ன ஜன்னல் வெளிச்சத்தை நோக்கி வளர்ந்தன. கோணலான வாழ்க்கைகளிலும் அந்த முனைப்பைத்தான் அவர் கண்டார்.

ஆனால் எல்லா நோய்க்கும் இந்த முறை மருந்தல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சினில் மனச்சிதைவு நோயாளிகளிடம் ரோஜர்ஸ் இதை முயன்றபோது எதிர்பார்த்த அளவு பலன் கிடைக்கவில்லை. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால், உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தால், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போவதுதான் முறை. இந்தியாவில் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

அந்தத் தாய் வாசலில் கேட்ட கேள்வி நம் வீடுகளுக்கும் பொருந்தும். பிள்ளை படிக்கவில்லை என்றால் ஆலோசகரைத் தேடி ஓடுகிறோம். அவனைக் கூட்டிக்கொண்டு போகும் தாய்க்கோ தகப்பனுக்கோ உள்ளுக்குள் என்ன என்று கேட்பவர் இல்லை. வளர்ந்துவிட்டார்கள், சம்பாதிக்கிறார்கள், சமாளித்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுகிறோம். கடனும் வேலைப்பளுவும் வீட்டுச் சண்டையும் அழுத்துவது அந்த வயதில்தான்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாற்பது வயது மகளோ மருமகனோ பேச வந்தால், பேசி முடிக்கட்டும். "உனக்கு என்ன செய்யலாம் என்று தோன்றுகிறது?" என்று கேளுங்கள். நம் அனுபவம் எங்கும் போய்விடாது. அவர்கள் கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.