சிறுமலரின் அப்பாவும் எங்கப்பாவும்

இந்தப் பக்கத்தைத் தூசி தட்டி ரொம்ப நாளாச்சு. இன்னைக்கு எழுதப்போறது கொஞ்சம் வீட்டு விஷயம், கொஞ்சம் புனிதர் கதை. ரெண்டும் எனக்குள்ள பின்னிக்கிடக்கு, பொறுத்துக்கோங்க.

எங்கப்பா முப்பது வருஷத்துக்கு மேல வாத்தியார் வேலை பார்த்தவர். மூணு வருஷமா ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சுட்டு வருது. போன வருஷம் ஒரு ஞாயிறு பூசையில், எல்லாரும் நற்கருணை வாங்கிவிட்டு அமைதியாக முழங்காலில் இருந்த நேரம். அப்பா சட்டென்று எழுந்து நின்று அட்டெண்டன்ஸ் எடுக்க ஆரம்பித்துவிட்டார். "அந்தோணிசாமி... ஆரோக்கியம்... இன்னாசி..." பின்னால் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். கொஞ்சம் பலமாகவே இழுத்துவிட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து அப்பாவை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். "கூட்டம் அவருக்கு ஒத்துக்கலை"ன்னு கேட்டவங்களுக்கெல்லாம் சொன்னேன். தங்கமணி மட்டும் ஒருநாள், "ஒத்துக்காதது அவருக்கா, உங்களுக்கா?" என்றாள். நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 1 சிறுமலர் தெரேசம்மாள் திருநாள். எங்க வீட்டிலும் அந்தப் படம் உண்டு. கையில் சிலுவை, நிறைய ரோஜாப்பூ. 15 வயசில் பிரான்சு நாட்டு லிசியே நகரத்துக் கார்மேல் மடத்தில் சேர்ந்து, 24 வயசில் காசநோயில் இறந்த பெண். சின்னச் சின்ன வேலையையும் அன்போடு செய்தால் போதும்னு சொன்னவர். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். இந்தத் தடவை அவர் வாழ்க்கையை உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க, என் கண் அவரை விட்டுவிட்டு அவருடைய அப்பாவிடம் போய் நின்றுவிட்டது.

அப்பா பேர் லூயி மார்ட்டின். கடிகாரத் தொழில் செய்தவர். மனைவி செலி 1877-ல் புற்றுநோயில் இறந்தபிறகு ஐந்து பெண்களை வளர்த்தவர். கடைக்குட்டி தெரேசா மடத்துக்குப் போனது 1888 ஏப்ரலில். அந்த ஜூனிலேயே மனுஷன் வீட்டிலிருந்து காணாமல் போய்விட்டார். நாலு நாள் தேடி, லெ ஆவ்ர் துறைமுக நகரத்தில் கண்டுபிடித்தார்கள். (எங்கப்பாவை ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்தோம். அந்த நாலு மணி நேரமே எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது.)

1889 ஜனவரி 10, தெரேசா துறவற உடை அணிந்த நாள். அப்பா கூடவே நின்றார். ஒரே மாதத்தில் அவரைக் கான் நகரத்து மனநோய் மருத்துவமனையில் சேர்க்கவேண்டி வந்தது. மூன்று வருஷம் அங்கேதான். மகள்கள் ஒவ்வொருத்தராக மடத்துக்குப் போனதால்தான் அவருக்குப் புத்தி பேதலித்தது என்று ஊர் பேசியது. அதுவும் செல்ல மகள் போனதால். இந்தப் பேச்சு மடத்துச் சுவரைத் தாண்டி தெரேசா காதுக்கும் வந்தது. அடைபட்ட மடம், போய்ப் பார்க்க வழியில்லை.

1892 மே மாதம் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரே ஒரு தடவை மடத்துக்கும் அழைத்து வந்தார்கள். கால் விழுந்துவிட்டது. பேச்சும் அதிகமில்லை. பிரியும்போது விரலை மேலே காட்டி, "மோட்சத்தில்" என்றாராம். 1894 ஜூலையில் இறந்தார். மகள் அவரை அதற்கப்புறம் பார்க்கவில்லை.

இதில் என்னை உலுக்கியது என்ன தெரியுமா? நாம் அவரைக் குழந்தை இயேசுவின் தெரேசா என்போம். அவர் முழுப்பெயர் 'குழந்தை இயேசுவின், திருமுகத்தின் தெரேசா'. பாடுபட்டபோது காறித் துப்பப்பட்ட, அடையாளம் தெரியாமல் சிதைந்த இயேசுவின் முகம் அது. அப்பா நிலைகுலைந்துகொண்டிருந்த அந்த ஜனவரியில்தான் இந்தப் பேரையும் சேர்த்துக்கொண்டார். அப்பாவின் அந்த மூன்று வருஷத்தை எந்தப் பரவச அனுபவத்துக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்ற பொருளில் எழுதியும் வைத்திருக்கிறார். மறைக்கவேண்டிய அவமானமாக அவர் அதைப் பார்க்கவில்லை. சிலுவையில் தொங்கியவரின் முகத்தையே அப்பா முகத்தில் பார்த்தார்.

2015-ல் லூயியும் செலியும் ஒன்றாகவே புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள். மனநோய் மருத்துவமனையில் மூன்று வருஷம் கிடந்த மனுஷனைத் திருச்சபை பீடத்தில் ஏற்றியிருக்கிறது. நான் எங்கப்பாவை, பூசைக்கே கூட்டிப்போகாமல் ஒளித்து வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு அப்பாவுக்கு வெள்ளை வேட்டி கட்டிவிட்டுக் கூட்டிப்போனேன். நற்கருணைக்கு அப்புறம் அதே அமைதி. பயந்த மாதிரியே எழுந்து நின்றுவிட்டார். "அந்தோணிசாமி..."

சட்டையை இழுக்கவில்லை. பக்கத்தில் எழுந்து நின்று, மெதுவாக, "உள்ளேன் ஐயா" என்றேன்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "ம்... உட்காரு" என்று சொல்லிவிட்டு அவரும் உட்கார்ந்துவிட்டார். யாரும் சிரித்த மாதிரி தெரியவில்லை. சிரித்திருந்தாலும் என் காதில் விழவில்லை.

உங்க வீட்டிலும் இப்படி யாராவது இருந்தா, அடுத்த வாரம் கூட்டிட்டுப் போங்க மக்களே. அவங்க வருகையும் பதிவாகட்டும்.