மெமரி கார்டில் ஒரு கிட்டிப்புள்

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பழைய பிளேஸ்டேஷன் 2 ஒன்று வாங்கினேன். கூடவே யாரோ ஆடி முடித்த 8 எம்பி மெமரி கார்டும் வந்தது. அந்த மெஷினை ஆன் செய்ததும் இருட்டுக்குள் வெளிச்சத் தூண்கள் எழும்புவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். செருகியிருக்கும் கார்டில் எந்த கேம் எவ்வளவு ஓடியது என்ற பதிவை வைத்துத்தான் அவை முளைக்கின்றன. அதிகம் ஆடியவருடைய கார்டைச் செருகினால் தூண்கள் அடர்ந்து நிற்கும். இந்தக் கார்டுக்கு உரியவர் நன்றாகவே ஆடியிருக்கிறார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். எதிர்பார்த்தவைதான்: ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ், கிரிக்கெட் 07, மல்யுத்தம். அவற்றுக்கு நடுவே ‘தேசி அட்டா’ என்றொரு பெயர். கபடி, பட்டம், கிட்டிப்புள் ஆடும் கேம் அது. உலகமெங்கும் 15 கோடிக்கு மேல் விற்ற மெஷினில் கிட்டிப்புள்ளை யார் ஏற்றினார்கள்? இந்த ஊரில் செய்ததாக இருக்குமோ என்ற ஆசையில்தான் தேட ஆரம்பித்தேன்.

மெஷின் விற்ற கடையிலேயே கேட்டேன். சிவாஜி நகர்த் தமிழர் அவர். பிஎஸ்2-வின் லென்ஸைச் சரிசெய்துகொண்டிருந்தார். பருமனான பழைய மாடலில் லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பல்சக்கரம் உண்டு. அதை ஒரு பல் நகர்த்தி, டிஸ்க்கைப் போட்டுப் பார்த்து, படிக்கவில்லையென்றால் இன்னொரு பல் நகர்த்துகிறார். “லென்ஸ் வீக்கானா இதான் வைத்தியம்” என்றவர், என் கேள்விக்கு நிமிராமலே பதில் சொன்னார்: “இண்டியன் கேமா? அதெல்லாம் யாரும் கேட்டு வந்ததில்ல சார். எல்லாரும் சிப் போட்ட மெஷின்தான் வாங்குவாங்க, நேஷனல் மார்க்கெட்ல காப்பி சிடி எடுத்துக்குவாங்க. ஒரிஜினல் வாங்குனவங்க எத்தன பேரு?”

அந்தப் பதிலிலேயே பாதி விஷயம் இருக்கிறது. காப்பி அடிக்கிறவர் கூட்டம் எதைக் கேட்கிறதோ அதைத்தான் அடிப்பார். அதனால் உள்ளூர் கேம்களுக்குத் திருட்டுப் பிரதி எடுக்கக்கூட அவ்வளவாக ஆள் இருந்திருக்காது. ஒரிஜினல் டிஸ்க் போனால் அதோடு போயிற்று.

டிஸ்க் கடைசியில் சிக்பேட்டை பக்கம் ஞாயிறு சந்தையில், தரையில் விரித்த தார்ப்பாயில் கிடைத்தது. சார்ஜர்கள், ரிமோட்டுகள், உடைந்த கண்ட்ரோலர்களுக்கு அடியில் ‘தேசி அட்டா’ கிடந்தது. பக்கத்திலேயே ‘ஹனுமான்: பாய் வாரியர்’. இரண்டும் 2009-இல் வந்தவை. இரண்டையும் வெளியிட்டது சோனியேதான். செய்தது பெங்களூர் அல்ல, ஹைதராபாத். ‘ஹனுமான்’ ஆரோனா டெக்னாலஜீஸ் என்ற கம்பெனியுடையது, ‘தேசி அட்டா’ கேம்சாஸ்திரா செய்தது. முழுக்க முழுக்க இந்தியாவிலேயே உருவான முதல் பிளேஸ்டேஷன் கேம் என்ற பெருமை அந்தக் குட்டி அனுமனுக்கு உண்டு.

அந்த வருடத்தில் ஏன் என்பதற்கு விலைதான் பதில். பிஎஸ்3 இங்கே 2007 ஏப்ரலில் 39,990 ரூபாய்க்கு வந்தது. நடுத்தரக் குடும்பம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க முடியாத விலை. ஜப்பானில் 2000 மார்ச்சில் பிறந்த பிஎஸ்2-வோ அதற்குள் விலை இறங்கி, இந்தியாவில் புதிதாக விற்றுக்கொண்டே இருந்தது. மற்ற நாடுகள் அடுத்த மெஷினுக்குப் போய்விட்ட நேரத்தில், சோனி இந்தப் பழைய மெஷினுக்காக இந்தியக் கதைகளைத் தேடியது. ‘ஹனுமான்’ விலை 499 ரூபாய். உள்ளூர் மனசு தெரிந்து பெயர் வைப்பது அதற்கு முன்பே நடந்ததுதான். கோட்மாஸ்டர்ஸ் 2007-இல் வெளியிட்ட பிரையன் லாரா கிரிக்கெட் கேம், இந்தியாவில் யுவராஜ் சிங் பெயரில் விற்றது. ஆஸ்திரேலியாவில் அதே கேமுக்கு ரிக்கி பாண்டிங் பெயர். ஆனால் அட்டையில் ஆளை மாற்றுவதும் ஹைதராபாத்தில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கேம் எழுதுவதும் ஒன்றல்ல.

அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புரியவைத்தவர், அல்சூரில் வளர்ந்து கேம் ஸ்டுடியோக்களில் பல வருடம் ஆர்ட்டிஸ்ட்டாக இருக்கும் நண்பர். பிஎஸ்2-வின் முதன்மை மெமரியே 32 எம்பிதான். படம் வரையும் சில்லுக்குள் இருப்பது 4 எம்பி. திரையில் தெரியும் காட்சியே அந்த 4 எம்பியில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தில் சுவர், மரம், முகம், துணி எல்லாம் அடங்க வேண்டும். அடங்காததால் ஒரு காட்சி வரையும்போதே அடுத்ததற்கான படங்களை உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கணக்குப் போடும் எமோஷன் எஞ்சின் என்ற சில்லுக்குள் இரண்டு தனி வெக்டர் யூனிட்டுகள். அவற்றுக்கென்று தனியாக புரோகிராம் எழுதினால்தான் மெஷினின் முழு பலமும் வெளியே வரும். “ஒரு முகத்துக்கு பதினாறு கலர்தான்னு சொன்னா என்ன பண்ணுவீங்க? எந்தக் கலர விடலாம்னு யோசிச்சே ஒரு நாள் போயிடும்” என்றார்.

இதையெல்லாம் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கற்றவர்கள் வருடக்கணக்கில், கேம் மேல் கேமாகச் செய்து கற்றார்கள். 2005-இல் வந்த ‘காட் ஆஃப் வார்’ அப்படிக் கற்ற கைகளின் வேலை. வீட்டு கம்ப்யூட்டரில் எழுதிப் பழகிவிட்டு வருவதற்கும் வழியில்லை. சோனியின் அனுமதியும் அவர்கள் தரும் தனி மெஷினும் இல்லாமல் பிஎஸ்2-வுக்கு முறையாக கேம் செய்ய முடியாது. ஹைதராபாத்துக்காரர்கள் முதல் கேமிலேயே இதைத் தாண்ட வேண்டியிருந்தது. ‘ஹனுமான்’ கேமை ‘காட் ஆஃப் வார்’ பக்கத்தில் வைத்துச் சிரிப்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. வைக்க வேண்டிய இடம் அதுவல்ல. ஆடிப் பார்த்தேன். அசைவுகள் விறைப்பாக இருக்கின்றன, சண்டை சீக்கிரம் அலுக்கிறது. ஆனாலும் கதாயுதத்தோடு அந்தச் சிறுவன் தாவும்போது, நம் பாட்டிமார் சொன்ன கதை நம் கண்ட்ரோலரின் பொத்தானுக்கு முதல்முறையாகக் கட்டுப்பட்டது என்ற உணர்வு எனக்கு உண்மையாகவே வந்தது.

அந்தக் கட்டுப்பாடே ஒரு சர்ச்சையானதும் நடந்தது. கடவுளைப் பொத்தான் அழுத்தி ஆட்டுவிப்பது தகாது என்று, அமெரிக்காவின் நெவாடாவில் இருக்கும் இந்து மதப் பிரமுகர் ராஜன் ஜெட் 2009-இல் கேமைத் திரும்பப் பெறச் சொல்லி அறிக்கை விட்டார். பொம்மலாட்டத்திலும் தெருக்கூத்திலும் அனுமனை ஆட்டுவித்தே வளர்ந்த ஊர்க்காரனாக என்னால் அதை ஏற்க முடியவில்லை.

பிறகு மும்பையின் ட்ரைன் கேம்ஸ் 2010-இல் ‘ஸ்ட்ரீட் கிரிக்கெட் சாம்பியன்ஸ்’ கொண்டுவந்தது. 2011-இல் ஷாருக் கானின் ‘ரா.ஒன்’ படத்தோடு அதே பெயரில் கேம் பிஎஸ்2-விலும் பிஎஸ்3-லும் வந்தது, அதுவும் ட்ரைன் செய்ததே. பிஎஸ்2 உற்பத்தி நின்றுவிட்ட செய்தி 2013 ஜனவரியில் வெளியானது. கேம்சாஸ்திராவின் ‘டான் 2’ அந்த மெஷினுக்கு வந்தது அதே 2013-இல். படம் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. உலகமெங்கும் பிஎஸ்2-வின் கடைசிச் சில கேம்களைப் பட்டியலிட்டால் அதில் ஒரு ஹைதராபாத் கேமும் இருக்கும்.

அப்படியானால் பெங்களூர் என்ன செய்துகொண்டிருந்தது? ராஜேஷ் ராவ் 1997-இல் இங்கே துருவா இண்டராக்டிவ்வைத் தொடங்கினார். நாட்டின் மிகப் பழைய கேம் கம்பெனிகளில் ஒன்று. பிரான்சின் இன்ஃபோகிராம்ஸுக்காக ‘மிஷன் இம்பாசிபிள்’ கேமை கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலையோடு அது உலகச் சந்தைக்குள் நுழைந்தது. சொந்தக் கேம் விற்று இங்கே பிழைக்க முடியாத காலம். அதனால் வெளிநாட்டு கேம்களுக்குக் கார், கட்டடம், ஆயுதம், ஆள் என்று உருவங்கள் செய்து தரும் தொழில் இந்த ஊரில் வேர் பிடித்தது. அதில் சம்பளம் உண்டு, வேலை தொடர்ந்து வரும். ஆனால் டிஸ்க்கின் முதுகில் ஊர்ப் பெயர் வராது. அல்சூர் நண்பர் பல வருட வேலையில் தான் செய்த கார்களை ஏதேதோ கேம்களில் காட்டுகிறார். ஒப்பந்தம் அனுமதிக்காததால் அவற்றில் சிலவற்றைப் பற்றி நான் எழுதக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார்.

சான் ஆண்ட்ரியாஸ் கேமின் கம்பெனியான ராக்ஸ்டார் 2016-இல் பெங்களூரில் ஸ்டுடியோ திறந்தது. ஸ்வீடனின் ஸ்டார்ப்ரீஸ் கைக்குப் போயிருந்த துருவாவை 2019 மே மாதம் 79 லட்சம் டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. நேஷனல் மார்க்கெட் காப்பி சிடியில் சான் ஆண்ட்ரியாஸ் ஆடிய பையன்களில் யாராவது இன்று அதே ராக்ஸ்டாரின் பெங்களூர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கலாம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பெரிய கேம் எப்படி உருவாகிறது என்பதை இந்த ஊர் உள்ளிருந்து கற்றது. ஆனால் நம் தெருவும் நம் கதையும் இருக்கும் கேம்களைத் தேடினால், அந்தத் தலைமுறையில் ஹைதராபாத், மும்பை டிஸ்க்குகள்தான் கைக்கு வருகின்றன. தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையலறையை கன்சோலுக்குள் கொண்டுவந்த ‘வெண்பா’வோ 2023-இல் டொராண்டோவின் விசை கேம்ஸிலிருந்து வந்தது.

என்னைப் பெரிதும் உறுத்துவது இந்த டிஸ்க்குகளின் கதி. நம் நாட்டில் அச்சாகும் புத்தகத்துக்குக் காப்பகம் உண்டு. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொன்றிலும் பிரதிகள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் போக வேண்டும். எத்தனை சாதாரணப் புத்தகமானாலும் ஒரு அலமாரி அதற்குக் காத்திருக்கிறது. டிஸ்க்கில் வந்த கேம் அந்தச் சட்டத்துக்குள் வராது. மெஷினின் லென்ஸோ ஒவ்வொரு பல்லாக நகர்த்தித்தான் ஓடுகிறது.

அதனால் என் அளவில் ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொரு டிஸ்க்கையும் கம்ப்யூட்டரில் முழுதாகப் படித்து வைக்கிறேன். பிசிஎஸ்எக்ஸ்2 என்ற எமுலேட்டரில் போட்டு ஓடுகிறதா என்று பார்க்கிறேன். முடிவில் ஓடும் பெயர்களை நிறுத்தி நிறுத்தி நோட்டில் எழுதுகிறேன். புரோகிராமர், ஆர்ட்டிஸ்ட், டெஸ்டர் என்று போகும் அந்தப் பட்டியலில் இருப்பவர்களில் யார் இன்னும் கேம் செய்கிறார்கள், யார் வேறு வேலைக்குப் போனார்கள் என்று விசாரிப்பதுதான் அடுத்த கட்டம். 2012-இல் வந்த ‘ஸ்ட்ரீட் கிரிக்கெட் சாம்பியன்ஸ் 2’ இன்னும் அகப்படவில்லை. ஞாயிறு சந்தைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, டிஸ்க்கில் கீறல் இல்லாமல் பார்த்து எடுத்து வையுங்கள் என்று.