மிச்ச மருந்து

எங்கள் பக்கம் சத்தம் கேட்டால்தான் விபத்து. சத்தம் கேட்டால் தீயணைப்பு வண்டி வரும், கலெக்டர் வருவார், எத்தனை உயிர் என்று மறுநாள் பேப்பரில் எண் வரும், நிவாரணத் தொகை அறிவிப்பார்கள். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை மூன்றுக்கும் நடுவே உள்ள கரிசல் காட்டுப் பள்ளிகளில் வேதியியல் ஆசிரியையாக இருந்தேன். சத்தம் கேட்ட நாளும் எனக்கு மறக்கவில்லை. சத்தமே இல்லாமல் மண்ணுக்குள் இறங்கியதையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே கதைதான். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

2012 செப்டம்பர் 5, புதன்கிழமை. ஆசிரியர் தினம். பிள்ளைகள் காலையிலேயே பேனாவும் காகிதப் பூவும் கொடுத்து வாழ்த்தியிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குமேல், சத்துணவு மணி அடிக்கும் முன், முதல் சத்தம் வந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சத்தத்தை வைத்தே திசை சொல்லத் தெரியும். "முதலிப்பட்டிப் பக்கம் டீச்சர்" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன் சொன்னான். வெளியே வந்து பார்த்தால் புகை மேலே ஏறிக்கொண்டிருந்தது. வெடிகள் தொடர்ந்து பொரிந்துகொண்டே இருந்தன.

தலைமையாசிரியர் கேட்டைப் பூட்டச் சொன்னார். வெடி ஆபீஸுக்கு, அதாவது பட்டாசு ஆலைக்கு, வேலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகள் கம்பியைப் பிடித்து உலுக்கினார்கள். "எங்கம்மா அங்கனதான் இருக்கு, விடுங்க டீச்சர்" என்று கதறிய ஒன்பதாம் வகுப்புப் பெண்ணை நான் இறுக்கிப் பிடித்திருந்தேன். அவள் என் மணிக்கட்டைக் கடித்தாள். ரோட்டில் ஆண்களும் பெண்களும் புகையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள். டூவீலரில் மூன்று பேராகவும் போனார்கள். அதற்குப் பிறகுதான் பெரிய சத்தம் வந்தது.

அன்று ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெடித்த பட்டாசு ஆலையின் தொழிலாளர்களே அல்ல. தீயைப் பார்த்து, உள்ளே மாட்டியவர்களை இழுத்துவர ஓடிய அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். முதலில் ஓர் அறையில்தான் தீப்பிடித்தது. கூட்டம் கூடிய பிறகு, இருப்பு வைத்திருந்த சரக்கும் ரசாயனமும் வெடித்தன. தீபாவளிக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. விதிமீறலுக்காக அந்த ஆலையின் உரிமம் ஏற்கெனவே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

சாயங்காலம் சிவகாசி அரசு மருத்துவமனைக்குப் போனேன். வராண்டாவில் வாழையிலை விரித்து ஆட்களைக் கிடத்தியிருந்தார்கள். பலரை மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அலுமினியப் பவுடரில் வேலை பார்த்தவர்களின் கைகளில் வெந்த இடம் போக மிச்சத் தோல் வெள்ளியாக மின்னியது. என்னைக் கடித்த பெண்ணின் அம்மா வேறோர் ஆபீஸில் இருந்ததால் பிழைத்தார். அவளோடு படித்த வேறு பிள்ளைகளின் வீட்டில் அப்படி நடக்கவில்லை.

அன்று நான் புரிந்துகொண்டது இது: வெடிமருந்து கலக்கிற இடத்துக்கு மட்டும் பயந்தால் போதாது. சேர்த்து வைத்த இடம்தான் கூட்டத்தைக் கொண்டுபோனது. சேர்த்து வைப்பதில் சரக்கு என்றும் கழிவு என்றும் வேதியியலுக்குப் பிரிவினை கிடையாது. அதே உப்பு, அதே கந்தகம், அதே உலோகத் தூள். சரக்குக்காவது பூட்டும் கணக்கும் இருக்கும். கழிவுக்கு அதுவும் இருக்காது.

ஐப்பசி மழை தொடங்கியதும் பையன்கள் சிலர் காட்டில் பொறுக்கிய வெடிக்காத குழாய்களைப் பையில் போட்டு வகுப்புக்கே கொண்டுவந்தார்கள். எங்கே கிடைத்தது என்று விசாரித்தபோதுதான் குழிகளைப் பற்றித் தெரிய ஆரம்பித்தது. சிறிய ஆபீஸ் ஒன்றின் கம்பி வேலிக்கு வெளியே, ஓடைக்கரையை ஒட்டி அப்படி ஒரு குழி இருந்தது. நமுத்த வெடி, உடைந்த குழாய், அறுந்த திரி, கூட்டி அள்ளிய தரைத்தூசி, மருந்து ஒட்டிய சாக்கு, அறை கழுவிய தண்ணீர் எல்லாம் அதற்குத்தான் வரும்.

அந்தக் குழிக்கு வாளி சுமந்தவர் என் பழைய மாணவன் ஒருவனின் அப்பா. வாளியைத் தூக்கும் முன் அவர் இரண்டு காரியம் செய்வார். முகத்தை நேராகக் கொண்டுபோகாமல், கையால் காற்றை விசிறி வாடை பார்ப்பார். பிறகு வாளியின் அடியைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். மூத்திர நெடி அடித்தாலோ அடியில் சூடு தெரிந்தாலோ அந்த வாளி இருக்கும் பக்கமே யாரையும் விடமாட்டார். பள்ளிக்கூடம் போகாத மனிதர். ஆனால் அவர் பார்த்தது முழுக்க வேதியியல். அலுமினியத் தூளும் நைட்ரேட் உப்பும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் மெதுவாக வினை தொடங்கும். அம்மோனியா வரும், சூடு ஏறும். சூடு ஏற ஏற வினையின் வேகமும் கூடும். ராத்திரி வைத்த மிச்ச மருந்து காலையில் தானாகத் தீப்பிடிப்பது இப்படித்தான். மழைக்காலத்தில் கழிவுக் குவியலுக்குள் நடப்பதும் இதுதான்.

குழி நிறைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "தீ வச்சா ஆளு போகும், தண்ணி ஊத்துனா கெணறு போகும். நான் என்னத்தச் செய்ய, டீச்சரம்மா?" என்றார். நான் படித்த எந்தப் புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை. கழிவை எரிக்கும்போது கருகி இறந்தவர்கள் எங்கள் மாவட்டத்தில் பலர். எரிக்கப் பயந்து நனைத்தால் மருந்து அடங்கும். ஆனால் உப்புகள் கரைந்து மண்ணுக்குள் போகும். கோடையில் கரிசல் பாளம்பாளமாக வெடித்திருக்கும். முதல் மழைத் தண்ணீர் அந்த வெடிப்புகள் வழியாகத்தான் இறங்குகிறது.

ஓடைக்கு இந்தப் பக்கம் குடியிருந்த ஒரு தாய் ஒருநாள் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார். மகளுக்குக் கழுத்து வீங்கியிருந்தது. தைராய்டு என்று டாக்டர் சொன்னாராம். "இந்தத் தண்ணிதான் காரணமா டீச்சர்? குடிக்கலாமா, வேண்டாமா?" என்று கேட்டார். ஒரு சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தோம். கடினத்தன்மை, குளோரைடு, புளோரைடு, நைட்ரேட் என்று பட்டியல் வந்தது. வெடி ஆபீஸிலிருந்து வரக்கூடிய பெர்குளோரேட் என்ற உப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கேட்டதற்கு, அதை இங்கே பார்ப்பதில்லை என்றார்கள். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 பேரியத்துக்கு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் என்று வரம்பு சொல்கிறது. பெர்குளோரேட்டுக்கு அதில் வரம்பே இல்லை. வரம்பு இல்லாததை யாரும் அளப்பதில்லை.

பெர்குளோரேட்டை அளந்தவர்களும் இருந்தார்கள். ஜப்பானிய, இந்திய விஞ்ஞானிகள் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளியானது. ஆராய்ச்சிப் படிப்புக்குப் போயிருந்த என் மாணவி அதன் நகலைக் கொண்டுவந்து கொடுத்தாள். சிவகாசி, மதுரைப் பகுதிகளில் எடுத்த 60 நிலத்தடி நீர் மாதிரிகளில் 57 சிவகாசியைச் சேர்ந்தவை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடிநீருக்கு முன்வைத்த அளவு லிட்டருக்கு 15 மைக்ரோகிராம். சிவகாசியின் 17 மாதிரிகள் அதைத் தாண்டியிருந்தன. மதுரையில் ஒன்றுகூடத் தாண்டவில்லை. இருந்ததிலேயே அதிகமான அளவு 7,690 மைக்ரோகிராம். அதாவது அந்த வரம்பைப் போல 500 மடங்குக்கும் மேல். பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களே முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் எழுதியிருந்தார்கள். மனித உடல்நலத்தைப் பற்றி மேற்கொண்டு ஆராய வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். மூன்று குழாய்த் தண்ணீர் மாதிரிகளையும் பார்த்திருந்தார்கள். அவற்றில் அளவு அரை மைக்ரோகிராமைக்கூட எட்டவில்லை.

பெர்குளோரேட் மண்ணில் ஒட்டாது. தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். உடம்புக்குள் அது செய்வதை வகுப்பில் இப்படிச் சொல்வேன்: பஸ்ஸில் அயோடின் உட்கார வேண்டிய சீட்டில் இது முன்னாலேயே துண்டு போட்டுவிடும். தைராய்டுச் சுரப்பி அயோடினை உள்ளே இழுக்க முடியாமல் போகும். 1950-களில் அளவு மீறிச் சுரக்கும் தைராய்டை அடக்குவதற்கு டாக்டர்கள் பொட்டாசியம் பெர்குளோரேட்டையே கொடுத்திருக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் பெரிய ஆபத்து. குழந்தையின் மூளை வளரத் தைராய்டு ஹார்மோன் வேண்டும். அயோடின் குறைவாக உண்பவர்களுக்குச் சிறிய அளவும் பாதிப்பைத் தரும்.

அந்தத் தாயிடம் நான் உறுதியாகச் சொன்னது ஒன்றுதான். குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீரை எடுங்கள், அயோடின் உப்பு போடுங்கள். மகளின் கழுத்து வீங்கியது இதனால்தானா என்பதை ஒரு தனிக் கேஸை வைத்துச் சொல்ல முடியாது. தைராய்டுக் கோளாறுக்குக் காரணங்கள் பல. ஊர் முழுக்க அளந்தால்தான் பதில் கிடைக்கும். ஊரை அளக்க யாரும் வரவில்லை.

வெளிநாட்டில் அளந்து பார்த்தது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் நெவாடாவில் ஹெண்டர்சன் என்ற ஊரில் ராக்கெட் எரிபொருளுக்கான அம்மோனியம் பெர்குளோரேட் ஆலை இருந்தது. 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த பிறகு விண்கலங்கள் பறக்காததால் தயாரித்த சரக்கு தேங்கியது. பீப்பாய் பீப்பாயாக அங்கேயே சேர்த்து வைத்தார்கள். 1988 மே 4 அன்று அது வெடித்தது. இரண்டு பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள். சத்தம் போட்ட ஆபத்து அதோடு முடிந்தது. ஆனால் அந்த ஊரின் தொழிற்பகுதி நிலத்தடியில் பல ஆண்டுகளாகக் கசிந்த பெர்குளோரேட் மீட் ஏரியிலும் கொலராடோ ஆற்றிலும் கலந்திருப்பது 1997-இல்தான் தெரிந்தது. அதன் பிறகு நிலத்தடி நீரை இறைத்துச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். அளந்ததால்தான் அந்த வேலை தொடங்கியது.

எங்கள் ஊரில் சத்தங்கள் நிற்கவில்லை. 2016 அக்டோபர் 20-இல் சிவகாசி நகருக்குள்ளேயே ஒரு பட்டாசுக் கிடங்கில் வண்டியில் சரக்கு ஏற்றும்போது தீப்பிடித்தது. பக்கத்துக் கட்டடத்தில் இருந்த ஸ்கேன் சென்டருக்கு வந்தவர்களும் அங்கு வேலை பார்த்தவர்களும் புகையில் மூச்சுமுட்டி இறந்தார்கள். பட்டாசைக் கையால் தொடாதவர்கள் அவர்கள். 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கெடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. வெடித்த பிறகு வரும் குழு அது. வெடிக்காமல் கசிகிற குழிக்கு அப்படி ஒரு குழு வந்து நான் பார்த்ததில்லை.

சட்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி ஒரு தொழிற்சாலை தன் கழிவைப் பொதுவாக 90 நாட்களுக்குமேல் வளாகத்தில் வைக்கக் கூடாது. கணக்கேடு எழுத வேண்டும். 2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புக்குத் தடை விதித்தது. அதை எங்கள் பக்கம் பச்சை உப்பு என்பார்கள். தடைக்குப் பிறகும் அதை வாங்கி இருப்பு வைத்தது 2021-இல் நீதிமன்றத்துக்கு வந்த சிபிஐ அறிக்கையில் வெளிப்பட்டது. கரையக்கூடிய பேரியம் உப்பு வயிற்றுக்குள் போனால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும், தசை சோரும், இதயத் துடிப்பு தடுமாறும். விற்கவும் முடியாமல் பயன்படுத்தவும் முடியாமல் போன மூட்டைகள் கடைசியில் எங்கே போயிருக்கும் என்று யோசிக்கும்போது எனக்கு அந்த ஓடைக்கரைதான் கண்முன் வரும்.

இந்தத் தொழிலை மூடு என்று நான் கேட்கவில்லை. மானாவாரிக் கரிசலில் மழை பொய்த்தால் பசிதான். என் மாணவர்களில் பாதிப் பேருக்குப் பரீட்சைப் பணம் கட்டியது வெடி ஆபீஸ் சம்பளம். அதனால்தான் கணக்கு வேண்டும் என்கிறேன்.

அபாயத்தை மதிப்பிட மூன்று கேள்வி போதும். என்ன எங்கே கிடக்கிறது? எதன் வழியாக வருகிறது? யாரைச் சேர்கிறது? முதல் கேள்விக்கு, ஆயிரத்துக்குமேல் உள்ள ஆலைகளின் குழிகளையும், மூடிப்போன ஆலைகளின் பழைய குழிகளையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். இதற்கு வாளி சுமந்த அந்தப் பெரியவரைப் போன்றவர்களைக் கேட்டால் போதும், அவர்களுக்கு இடம் தெரியும். இரண்டாவதற்கு, நிலத்தடி நீர் ஓடும் திசையில் உள்ள கிணறுகளில் கோடையிலும் மழைக்குப் பிறகும் பெர்குளோரேட், பேரியம், நைட்ரேட் மூன்றையும் அளக்க வேண்டும். மூன்றாவதற்கு, அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் கர்ப்பிணிகளுக்கும் பிறந்த குழந்தைகளுக்கும் தைராய்டுப் பரிசோதனை வேண்டும். 2022 முதல் எங்கள் மாவட்டத் தலைநகரான விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வெளியூரிலிருந்து ஆள் வரத் தேவையில்லை.

கழிவுக்கும் எரிப்பது, நனைப்பது தவிர மூன்றாவது வழி வேண்டும். சிறிய ஆபீஸால் தனியாக அதைச் செய்ய முடியாது. பொதுவான ஓர் இடத்தில், கரைந்த உப்பு மண்ணில் இறங்காத தொட்டியில், தேர்ந்த ஆட்களை வைத்து மருந்தை அடக்கி, அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்க வேண்டும். செலவை எல்லா ஆலைகளும் பகிர வேண்டும்.

வரம்பைத் தாண்டிய அந்த 17 மாதிரிகளும் யாரோ இறைத்துப் பயன்படுத்தும் தண்ணீர். ஆய்வுக் கட்டுரை உலகத்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, "இதைக் குடிக்காதீங்க, இந்த மாசத்திலிருந்து உங்களுக்குக் குழாய்த் தண்ணி வரும்" என்று சொல்வது யார் பொறுப்பு என்பதை மாவட்ட நிர்வாகம் எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். மற்ற வேலைகளுக்கு ஆண்டுக்கணக்கில் ஆகலாம். இதற்கு ஒரு மாதம்கூட ஆகாது.